பழைய இன்சுலினா, புது இன்சுலினா: கூடுதல் காசு எதற்குப் போகிறது?

"இத்தனை வருஷமா 30/70 போட்டுட்டு இருக்கேன், இப்போ கிளார்ஜினுக்கு மாறச் சொல்றாங்க, விலையைக் கேட்டா தலை சுத்துது, மாறித்தான் ஆகணுமா?" (30/70 பழைய கலவை இன்சுலின், கிளார்ஜின் புது வகை.) சர்க்கரை நோயாளிகள் நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பதில்களும் தாராளமாக வரும். மருந்துக் கடையில் "இதுதான் லேட்டஸ்ட், பவர் ஜாஸ்தி" என்பார்கள். தெரிந்தவர் ஒருவர் "புதுசெல்லாம் போட்டா கேன்சர் வரும்" என்பார். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துவிட்டால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட் இன்சுலின் என்பது எந்த வகையாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலைதான் செய்கிறது. தோலுக்கு அடியில் போட்ட மருந்து எப்போது ரத்தத்துக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வந்துகொண்டே இருக்கிறது என்பதில்தான் வகைக்கு வகை வித்தியாசம். உங்கள் தொந்தரவு நேரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் (சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் பொருந்தவில்லை, ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறது) மாறுவதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் பழையதே போதும். அளவையோ வகையையோ மாற்றுவது டாக்டரோடு பேசித்தான், இதைப் படித்துவிட்டு நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

## ஏற்பி எதைப் பார்க்கிறது

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30, இரண்டையும் கந்தகப் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இந்த வரிசையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு. அதன் முப்பரிமாண வடிவத்தை டோரதி ஹாட்ஜ்கின் குழு 1969-இல் வெளியிட்டது. ஆனால் அது செல்லின் மேலிருக்கும் இன்சுலின் ஏற்பியில் (இன்சுலின் வந்து பொருந்தினால்தான் செல்லுக்குத் தகவல் போகும் புரதம்) எப்படிப் போய் உட்காருகிறது என்பது தெளிவாகத் தெரிய 2013 வரை ஆனது. மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் தலைமையிலான குழு அதைப் படம்பிடித்துக் காட்டியது: பி சங்கிலியின் வால் பகுதி தன் உடலிலிருந்து விலகித் திறந்துகொள்கிறது, அப்போது வெளிப்படுகிற பகுதியும் பி-24, பி-25 (பி சங்கிலியின் 24, 25-ஆவது) இடங்களிலுள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலங்களும் ஏற்பியோடு பொருந்துகின்றன.

இந்த இடங்களில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இன்சுலின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பி-25 மாறியதற்கு 'இன்சுலின் சிகாகோ' என்று பெயர், பி-24 மாறியது 'இன்சுலின் லாஸ் ஏஞ்சலிஸ்', ஏ-3 மாறியது 'இன்சுலின் வகாயாமா'. மூன்றுக்கும் ஊர்ப் பெயர்தான். 51-இல் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது, ஆனாலும் ஏற்பி இவற்றைச் சரியாகப் பிடிப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக பி சங்கிலியின் கடைசி நுனி, அதாவது 28-ஐத் தாண்டிய பகுதி, ஏற்பிக்குப் பெரிதாக ஒரு பொருட்டே இல்லை. பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து பி-30 என்ற ஒரே இடத்தில்தான் வேறுபடும். மனித வரிசையிலேயே தயாரித்த 'மனித இன்சுலின்' 1982-இல் சந்தைக்கு வரும்வரை உலகமே பன்றி, மாட்டு இன்சுலினில்தான் ஓடியது, நன்றாகவே வேலை செய்தது.

மருந்துக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டது இந்த நுனியைத்தான். லிஸ்புரோ, அஸ்பார்ட், கிளார்ஜின், டெட்டிமிர், டெக்லூடெக் என்ற புது இன்சுலின்கள் எல்லாவற்றிலும் முக்கிய மாற்றம் பி சங்கிலியின் கடைக்கோடியில் இருக்கிறது. ஏற்பிக்கு இடைஞ்சல் இல்லாத இடம், ஆனால் இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அந்த இடம்தான் வேண்டும். பாட்டிலில் இருக்கும் இன்சுலின் தனித்தனியாக மிதப்பதில்லை. துத்தநாகத்தைச் சுற்றி ஆறாறாகக் கொத்துக் கட்டியிருக்கும். கொத்தாக இருக்கும்வரை ரத்தக் குழாய்க்குள் எளிதில் நுழையாது, ஏற்பியிலும் உட்காராது. ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒற்றை மூலக்கூறாகப் பிரிந்தால்தான் வேலை ஆரம்பம். இந்தப் பிரிவை வேகப்படுத்தினால் வேக இன்சுலின், இழுத்தடித்தால் நீள இன்சுலின்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. சர்க்கரை மிக அதிகமாகி அவசரப் பிரிவில் சேர்ப்பவர்களுக்கு நரம்பில் ஏற்றுவது பெரும்பாலும் சாதாரண ரெகுலர் இன்சுலின்தான். நேராக ரத்தத்துக்குள் போய்விட்டால் கொத்து உடனே கலைந்துவிடும், ரெகுலரும் விலை கூடிய லிஸ்புரோவும் அங்கே ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைப் பட்டியலை எடுப்பதற்கு முன் கீழே இருப்பதற்கு உங்கள் பதில் என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போதும் உதவும்.

- சர்க்கரை எப்போது ஏறுகிறது? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?
- லோ ஷுகர் ஆகிறதா? ஆகிறது என்றால் எந்த நேரத்தில்? விடிகாலை 3 மணிக்கு வேர்த்து எழுவதும், மதியச் சாப்பாடு தள்ளிப்போனதால் கை நடுங்குவதும் வேறு வேறு பிரச்சினைகள்.
- சாப்பாட்டு நேரம் நிலையானதா? ஷிப்ட் வேலை, டிரைவர் வேலை, நோன்பு, விரதம் உண்டா?
- ஒரு நாளைக்கு எத்தனை ஊசி உங்களால் தொடர்ந்து போட்டுக்கொள்ள முடியும்? உண்மையைச் சொல்லுங்கள்.
- ஊசி போடுவது யார்? கண் சரியாகத் தெரியாத அம்மா தானே போட்டுக்கொள்கிறார் என்றால் கணக்கே மாறிவிடும்.
- மாதச் செலவு, மருந்துக்கு மட்டும் அல்ல, ஊசி முனை, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து.

ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு குறையும் என்பதை நான் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அளவைச் சரியாகக் கூட்டிக் குறைத்தால் எல்லா வகையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

## மனித இன்சுலின்: ரெகுலர், என்பிஹெச், 30/70

ரெகுலர் என்றால் இயற்கையான வரிசை, எந்த மாற்றமும் இல்லை. ஊசி போட்ட பிறகு கொத்து பிரிந்து ரத்தத்துக்கு வர அரை மணி ஆகும், 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சம், 6 முதல் 8 மணி நேரம் வரை இழுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னால் போடச் சொல்கிறார்கள். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? தட்டில் இட்லி வைத்த பிறகு ஊசியைத் தேடுகிற வீடுகள்தான் அதிகம். அப்போது சாப்பாட்டுச் சர்க்கரை ஏறும்போது இன்சுலின் இல்லை, சர்க்கரை இறங்கிய பிறகு இன்சுலின் இருக்கிறது. பழி ரெகுலர் மேல் விழும்.

என்பிஹெச் கலங்கலாக இருப்பது. டென்மார்க்கின் ஹாகெடார்ன் 1930-களில் மீன் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமைன் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் மெதுவாகக் கரையும் என்று கண்டுபிடித்தார், அதிலிருந்து 1940-களில் வந்தது இது. (இன்சுலினே இப்போது ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோதான் தயாராகிறது, பன்றி என்ற பயம் வேண்டாம். ஆனால் கலங்கல் வகையில் இந்த மீன் சமாச்சாரம் உண்டு, சுத்த சைவம் பார்ப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.) என்பிஹெச்சுக்கு 4 முதல் 10 மணி நேரத்துக்குள் ஓர் உச்சம் உண்டு, அதுதான் அதன் குணமும் குறையும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் அந்த உச்சம் தூக்கத்தில் வந்து விழுகிறது.

30/70 என்பது 30 பங்கு ரெகுலரும் 70 பங்கு என்பிஹெச்சும் கலந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டே ஊசி. காலையில் போட்டதன் என்பிஹெச் பகுதி மதியச் சாதத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதற்கு மதியச் சாப்பாடு நேரத்துக்கு வந்தாக வேண்டும். தவறினால் இன்சுலின் காத்திருக்காது.

அப்புறம் கலங்கலைக் கலக்கும் விஷயம். பாட்டிலையோ பேனாவையோ உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பத்து இருபது தடவை உருட்டி, மேலும் கீழும் சாய்த்து, பால் மாதிரி ஒரே சீராக ஆன பிறகுதான் போட வேண்டும். அவசரத்தில் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுப் போட்டால் இன்றைக்கு நீர்த்ததும் நாளைக்குக் கெட்டியானதும் உடம்புக்குள் போகும். "ஒரே அளவுதான் போடுறேன், ஒரு நாள் 110, ஒரு நாள் 240" என்பவர்கள் மருந்தை மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் ஒழுங்காக உருட்டிப் பார்க்கலாம். செலவில்லாத வைத்தியம்.

இதன் பலம் விலை. மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். கர்ப்பிணிகளிடம் மிக நீண்ட காலம் பழகிய மருந்தும் இதுதான்.

## வேக இன்சுலின்: லிஸ்புரோ, அஸ்பார்ட், குளூலிசின்

பி-28-இல் புரோலின், பி-29-இல் லைசின் என்பது நம் வரிசை. லிஸ்புரோவில் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார்கள், வேறொன்றும் செய்யவில்லை. இந்த யோசனை வந்தது இன்சுலினின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனிலிருந்து. அதில் இந்த இடத்தில் லைசின்-புரோலின் என்றுதான் இருக்கும், அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. 1996-இல் லிஸ்புரோ வந்தது. அஸ்பார்ட்டில் பி-28 புரோலினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம், மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளிவிடும். குளூலிசினில் பி-3, பி-29 இரண்டும் மாறியிருக்கும்.

விளைவு மூன்றிலும் ஒன்றுதான்: கொத்து சட்டென்று கலைகிறது. 10-15 நிமிடத்தில் வேலை ஆரம்பம், 1-2 மணி நேரத்தில் உச்சம், 3-5 மணி நேரத்தில் காலி. சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லாதவர்களுக்கு, எவ்வளவு சாப்பிடும் என்று சொல்ல முடியாத குழந்தைகளுக்கு, டைப் 1 (உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்களுக்கு இது நிஜமான விடுதலை. டைப் 1-இல் நான் காசு பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன், கடன் வாங்காமல் முடியும் என்றால்.

மறைந்திருக்கும் செலவு என்ன? சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் இதை மட்டும் போட்டுக் காலம் தள்ள முடியாது, அடிப்படைக்கு ஒரு நீள இன்சுலின் வேண்டும். ஆகக் குறைந்தது நாலு ஊசி. நாலு முனை, கூடவே கூடுதல் ஸ்ட்ரிப். விலையில் மருந்தை மட்டும் பார்த்தவர்கள் இரண்டாவது மாதத்தில் பின்வாங்குவது இங்கேதான்.

'புது மிக்ஸ்' என்று விற்கிற அஸ்பார்ட் 30, லிஸ்புரோ 25 பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் வேகப் பகுதி 30, 25 பங்குதான். மிச்சம் இருப்பது அதே மீன் புரோட்டமைனோடு கட்டிய இன்சுலின், அதே கலங்கல், அதே உருட்டல். ஊசி போட்ட உடனே சாப்பிடலாம் என்ற வசதிக்கு மட்டும்தான் கூடுதல் காசு. அரை மணி நேரம் காத்திருக்கும் ஒழுங்கு வீட்டில் இருந்தால் சாதா 30/70-ஐ விட்டு இதற்கு மாற எனக்குக் காரணம் தெரியவில்லை.

## கிளார்ஜின்

2000-இல் வந்தது. இதில் செய்த வேலை கொஞ்சம் சாமர்த்தியமானது. பி சங்கிலியின் நுனியில் இரண்டு ஆர்ஜினின்களைக் கூடுதலாக ஒட்டினார்கள், ஏ-21-இல் அஸ்பராஜினுக்குப் பதில் கிளைசின் வைத்தார்கள். இதனால் அமிலக் கரைசலில் (பிஹெச் 4) தெளிவாகக் கரைந்திருக்கும், உடம்பின் நடுநிலைச் சூழலுக்கு வந்ததும் தோலுக்கடியில் மணல் மாதிரி படிந்துவிடும். அந்தப் படிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வரும். பெரிய உச்சம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. படிவிலிருந்து கரைந்து வரும்போதே நம் உடம்பின் நொதிகள் அந்த இரண்டு ஆர்ஜினினையும் வெட்டி எறிந்துவிடுகின்றன. ஏற்பியைப் போய்ச் சேருவது பெரும்பாலும் ஏ-21 மட்டும் மாறிய, கிட்டத்தட்ட சாதாரண இன்சுலின். கேன்சர் பயத்துக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. வெட்டப்படாத கிளார்ஜின் ஆய்வகத்தில் ஐஜிஎஃப்-1 ஏற்பியைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது உண்மை, அந்த ஏற்பி செல் வளர்ச்சியோடு தொடர்புள்ளது என்பதும் உண்மை. ஆனால் மனித ரத்தத்தில் அந்த வடிவம் அதிகம் இருப்பதே இல்லை. 12,537 பேரை ஆறு வருடத்துக்கு மேல் கவனித்து 2012-இல் வெளிவந்த ஆரிஜின் ஆய்வில் கேன்சர் கூடவில்லை. பயம் அடிப்படையே இல்லாமல் கிளம்பவும் இல்லை: பி-10 இடத்தை மாற்றிய இன்னொரு இன்சுலின் ஏற்பியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தது, பெண் எலிகளுக்கு மார்புக் கட்டிகள் வந்தன, அதைக் கைவிட்டார்கள். கடையில் கிடைக்கும் எதிலும் அந்த மாற்றம் இல்லை.

சரி, என்பிஹெச்சைவிட எவ்வளவு நல்லது? இங்கே இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 2003-இல் டைப் 2 உள்ள 756 பேரிடம் ராத்திரி என்பிஹெச்சையும் கிளார்ஜினையும் ஒப்பிட்டபோது இரண்டிலும் சுமார் 60 சதவீதம் பேர் ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்குக் கீழே வந்தார்கள், ஆனால் கிளார்ஜின் போட்டவர்களுக்கு ராத்திரி லோ ஷுகர் குறைவாக வந்தது. அதே சமயம் கலிபோர்னியாவில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டைப் 2 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2018-இல் வந்த ஆய்வு, லோ ஷுகரால் மருத்துவமனைக்குப் போகும் அளவு ஆனவர்கள் விஷயத்தில் என்பிஹெச்சைவிட நீள இன்சுலின்கள் மேல் என்று காட்டவில்லை. நான் புரிந்துகொள்வது இதுதான்: ராத்திரி லோ ஆகிறவருக்குக் கிளார்ஜின் பயன்படும், ஆகாதவருக்கு அது தீர்க்க வேண்டிய பிரச்சினையே அங்கே இல்லை.

கிளார்ஜினை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது, அமிலக் கரைசல் கெட்டுவிடும். ரெகுலரையும் என்பிஹெச்சையும் ஒரே சிரிஞ்சில் தெளிந்ததை முதலில், கலங்கலைப் பிறகு என்று எடுத்துப் பழகியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்குப் போடும்போது லேசாக எரியும், அதுவும் அமிலத்தால்தான்.

விலை பற்றி ஒரு நல்ல செய்தி. காப்புரிமை முடிந்துவிட்டதால் இந்தியக் கம்பெனிகளின் கிளார்ஜின் நிறையக் கிடைக்கிறது. பெங்களூரின் பயோகான் 2009-இலேயே பேசலாக் என்ற தன் கிளார்ஜினைக் கொண்டுவந்தது. அதே கம்பெனியின் கிளார்ஜினை அமெரிக்கா 2021-இல் லான்டஸுக்கு (முதலில் வந்த கிளார்ஜின் பிராண்டு) பதிலாக நேரடியாக மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் சேர்ந்தது. அமினோ அமில வரிசை எல்லாவற்றிலும் ஒன்றே, பிராண்டுக்காகக் கூடக் கொடுக்க வேண்டாம். டாக்டரிடம் குறைந்த விலைப் பிராண்டை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் எதற்கு?

## டெக்லூடெக் (கூடவே டெட்டிமிர்)

இந்த வகையில் பி-30-ஐ எடுத்துவிட்டு பி-29 லைசினில் ஒரு கொழுப்பு அமில வாலைக் கட்டுகிறார்கள். அந்த வால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். டெட்டிமிரில் 14 கார்பன் வால். அதனால் அது ஏற்பியைப் பிடிப்பதும் பலவீனமாகிவிட்டது, ஆகவே ஒரு யூனிட்டுக்குள் சாதாரண இன்சுலினைப்போல நாலு மடங்கு மூலக்கூறுகளை அடைத்தார்கள். 'யூனிட்' என்பது எடை இல்லை, செய்யும் வேலையின் அளவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கடைக்காரர் சொன்ன 'பவர் ஜாஸ்தி' இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டெக்லூடெக்கில் 16 கார்பன் வால், குளூட்டமிக் அமிலம் ஒன்று இணைப்பாக. ஊசி போட்ட இடத்தில் ஆறு ஆறான கொத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான சரமாகிவிடும். சரத்தின் நுனியிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழன்று வர வேண்டும். 42 மணி நேரம் தாண்டியும் வேலை இருக்கும். ஒரு நாள் நேரம் மாறிப் போட்டாலும் இரண்டு ஊசிக்கு நடுவில் 8 மணி நேரம் இருந்தால் போதும். விமான வேலை, இரவு-பகல் மாறும் ஷிப்ட், ஊசி போட வரும் நர்ஸின் நேரம் நிச்சயமில்லாத பெரியவர்கள், இவர்களுக்கெல்லாம் இது பெரிய வசதி.

லோ ஷுகரிலும் லாபம் உண்டு. 2017-இல் வந்த டிவோட் ஆய்வில் இதய ஆபத்து அதிகமுள்ள 7,637 பேரில், கடுமையான லோ ஷுகர் கிளார்ஜினைவிட 40 சதவீதம் குறைந்தது. விளம்பரத்தில் இந்த 40 தான் வரும். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: சுமார் இரண்டு வருடத்தில் கிளார்ஜின் பக்கம் 100-க்கு 6.6 பேருக்குக் கடுமையான லோ வந்தது, டெக்லூடெக் பக்கம் 4.9 பேருக்கு. ஏற்கெனவே ஒருமுறை மயங்கி விழுந்தவருக்கு அந்த வித்தியாசம் விலைமதிப்பில்லாதது. எப்போதாவது லேசாகக் கை நடுங்கியவருக்கு அவ்வளவு இல்லை.

இதன் தொந்தரவு நீளம்தான். அளவை மாற்றினால் முழு விளைவு தெரிய 3-4 நாள் ஆகும், தினமும் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது. அளவு கூடிப்போய் லோ ஆகிவிட்டால் சர்க்கரை கொடுத்து எழுப்பிய பிறகும் அன்றைக்கு விழித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலையிலும் இது மேலேதான்.

## ஒரே பார்வையில்

| | 30/70 மனித இன்சுலின் | வேக வகை + நீள வகை | கிளார்ஜின் மட்டும் | டெக்லூடெக் மட்டும் |
|---|---|---|---|---|
| தினசரி ஊசி | 2 | 4 அல்லது மேல் | 1 | 1 |
| சாப்பாட்டு நேரக் கட்டுப்பாடு | அதிகம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை | ஓரளவு பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் | பிடிக்காது | பிடிக்காது |
| ராத்திரி லோ ஷுகர் | வாய்ப்பு அதிகம் | நீள வகையைப் பொறுத்தது | குறைவு | இன்னும் குறைவு |
| உருட்டிக் கலக்கணுமா | ஆமாம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| விலை | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம் |

மூன்றாவது வரிசையைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டுவிட்டு சாப்பாட்டுக்குப் பின் 280 போகிறவர், 30/70-ஐ விட்டு ஒரே ஊசி கிளார்ஜினுக்கு மாறினால் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும், மற்ற நேரமெல்லாம் கெட்டுப்போகும். கிளார்ஜின் தனியாக வேலை செய்ய வேண்டுமானால் சாப்பாட்டுப் பக்கத்தை மாத்திரையோ வேறு மருந்தோ பார்த்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் "விலை கூடின மருந்து போட்டும் குறையலை" என்று நொந்துகொள்வது இதனால்தான்.

## சீட்டில் வராத செலவுகள்

சிரிஞ்ச். இதை விலை என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் ஒரு மி.லி.க்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மாற்றி எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று யாருக்கும் புரியாது. பழைய 40 பாட்டிலிலிருந்து 100-க்கு மாறும் வாரத்தில் வீட்டிலிருக்கும் பழைய சிரிஞ்சுகளை முதலில் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு மி.லி.க்கு 300 யூனிட் உள்ள கிளார்ஜின் பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

யூனிட் விலை. 10 மி.லி. பாட்டிலில் 40 வீதம் 400 யூனிட், 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் 100 வீதம் 300 யூனிட். விலையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். பேனாவில் ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் வெளியே விட்டுச் சரிபார்க்க வேண்டும், தினம் இரண்டு ஊசி என்றால் மாதம் 120 யூனிட் காற்றில் போகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தினம் 10 யூனிட் மட்டும் போடுபவருக்கு 400 யூனிட் பாட்டில் 40 நாள் வரும், ஆனால் திறந்த பாட்டிலைப் பெரும்பாலும் 4 வாரத்தோடு தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அவருக்குக் கார்ட்ரிட்ஜ்தான் சிக்கனம். டெக்லூடெக் திறந்த பிறகு 8 வாரம் தாங்கும்.

கிடைப்பது. மனித இன்சுலின் பேனாக்களை நோவோ நார்டிஸ்க் 2024-இல் தென்னாப்பிரிக்காவில் நிறுத்தியது பெரிய செய்தியானது, அங்கே நோயாளிகள் பாட்டில்-சிரிஞ்சுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. டெட்டிமிரை அதே கம்பெனி அமெரிக்காவில் நிறுத்திவிட்டது. பேனா பழகியவர்கள் பாட்டிலில் எடுக்கவும் ஒருமுறை கற்று வைத்துக்கொள்வது நல்லது.

சூடு. திறக்காதது பிரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை. உறைந்தது எந்த வகையாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை வைத்துக்கொள்வது பல வருடமாக நடப்பதுதான்.

## யாருக்கு எது

டைப் 1 என்றால் வேக வகையும் நீள வகையும், முடிந்தால். முடியாவிட்டால் ரெகுலரும் என்பிஹெச்சும் நாலு ஊசியாக. இரண்டு ஊசி 30/70 டைப் 1-க்குக் கடைசி வழி.

டைப் 2, சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது, லோ ஆவதில்லை, ஹெச்பிஏ1சி பரவாயில்லை: 30/70-இலேயே இருங்கள். மிச்சமாகிற காசில் ஸ்ட்ரிப் வாங்குங்கள். புது இன்சுலின் போட்டுக்கொண்டு சர்க்கரையே பார்க்காமல் இருப்பவரைவிடப் பழைய இன்சுலின் போட்டுக்கொண்டு வாரம் நாலு தடவை பார்ப்பவர் நன்றாக இருப்பார்.

டைப் 2, ராத்திரி லோ ஆகிறது: முதலில் இரவு அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றிப் பார்க்கட்டும். அப்படியும் நிற்காவிட்டால் கிளார்ஜின், இந்தியப் பிராண்டாகவே. தனியாக வசிக்கும் பெரியவர், கடுமையான லோ வந்து விழுந்தவர், ஊசி நேரம் தினமும் மாறுகிறவர் என்றால் டெக்லூடெக்குக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எந்த இன்சுலினும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அளவு குறைய வேண்டியிருக்கும், அங்கே வகையைவிட அளவுதான் முக்கியம்.

நோன்பு, விரதம் இருப்பவர்கள் 30/70-ஐ அதே அளவில் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கவே கூடாது. பல வாரம் முன்னாலேயே டாக்டரிடம் பேசுங்கள்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், தினம் இரண்டு தடவை என்பிஹெச்சிலிருந்து ஒரு தடவை கிளார்ஜினுக்குப் போகும்போது மொத்த அளவில் 80 சதவீதத்தில் ஆரம்பிப்பது வழக்கம். அதாவது காலை 18, இரவு 12 போட்டவர் 30-இல் இல்லாமல் 24-இல் தொடங்குவார். 30/70-இலிருந்து மாறுவதென்றால் அதில் ரெகுலரும் கலந்திருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, டாக்டர்தான் போட்டுத் தர வேண்டும். முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தினமும், விடிகாலை 3 மணிக்கு இடையிடையே பார்த்து எழுதி வையுங்கள், அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டரால் அடுத்த அளவைச் சொல்ல முடியும்.